ஸ்பிரிங் பெட்டியைத் தொட்ட கை

சுருட்டைமுடிக்காரன் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோதே மூக்கிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பழுதுபார்த்துக் கொடுத்த சாமான் திரும்பி வந்தால் எந்தக் கடைக்காரருக்கும் அது நல்ல சேதி இல்லை. அதுவும் காலையில், முதல் ஆளாய், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வருகிறவன் பாராட்டவா வருவான்?

மூக்கி என்பது அண்ணன் வைத்த பெயர். ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றுவதற்கு முன்பே எது கருகியிருக்கிறது என்று வாசனை பிடித்துச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்தது. மனிதர்களையும் அவள் அப்படித்தான் மோந்து பார்ப்பாள் என்று அண்ணி சொல்லுவாள், சிரித்துக்கொண்டேதான். அண்ணனும் தங்கையுமாக நடத்துகிற கடை அது. கிட்டார் ஓசையைப் பெருக்கும், கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப்புகள்தான் வேலை. கிட்டார் வாசிக்கிறவர்கள் ஊர் தாண்டி ஊர் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் அண்ணன் மேசை. ஓசை சம்பந்தப்பட்டதெல்லாம் இவள் மேசை. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ, தீராத ஒரு வாக்குவாதம்.

அன்று காலை அண்ணன் இன்னும் வரவில்லை. வால்வு வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தான்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றான் சுருட்டை. "ரிவெர்ப் குமிழைத் திருப்புனா தேனீக் கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு."

"இங்க நல்லாத்தானே இருந்துச்சு?"

"இங்க இருந்துச்சு. வீட்ல போட்டா உம்முனு ஒரே இரைச்சல். ரிகர்சல்ல ட்ரம்ஸ்காரன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கான், நான் ஏதோ வேணும்னே பண்ற மாதிரி."

பிறகு அவன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். கடையில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா." தப்பாக நினைக்கும்படி எதையாவது சொல்லப் போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். "இது என்னோட ஸ்பிரிங் பெட்டி இல்ல."

ஸ்பிரிங் பெட்டி என்பது ஆம்ப்பின் அடித்தளத்தில் படுத்துக்கிடக்கும் ஒரு நீளத் தகரப் பெட்டி. உள்ளே இரண்டு மூன்று மெல்லிய ஸ்பிரிங்குகள். கிட்டாரின் ஓசை ஒரு முனையில் உள்ளே போய், ஸ்பிரிங்குகளில் அதிர்ந்து, மறுமுனையில் வெளியே வரும். அப்படி வரும்போது பெரிய மண்டபத்தில் நின்று வாசித்த மாதிரி ஒரு எதிரொலி சேர்ந்திருக்கும். அதைத்தான் ரிவெர்ப் என்பார்கள். பழைய ஆம்ப்புகளோடு வந்த அசல் பெட்டிக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி. புதிதாய் வருகிறவை மலிவு. தகரம் மெலிது, இரைச்சல் அதிகம்.

"எப்படிச் சொல்றீங்க?"

"என் பெட்டியில ஒரு சிவப்புப் பொட்டு வச்சிருந்தேன். வீட்டுக்காரியோட நகப்பூச்சு. பின்னாடி குனிஞ்சு பாத்தா பளிச்சுனு தெரியும். இப்ப பாருங்க."

மூக்கி குனிந்து பார்த்தாள். தகரப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. பொட்டைக் காணோம்.

"அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நான் யாரையும் சொல்லல."

அண்ணன் பேச்சை அங்கே யாரும் எடுக்கவே இல்லை. எடுக்காத பேச்சு வந்து காதில் விழுந்ததும் மூக்கிக்குச் சுருக்கென்றது. "வச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சொல்றேன்" என்று அவனை அனுப்பிவைத்தாள்.

அவன் தலை மறைந்ததும் வேலையைத் தொடங்கினாள். ஆம்ப்பைப் போட்டாள். ரிவெர்ப் குமிழ் அடியில் இருக்கும்வரை சத்தமே இல்லை, நல்ல பிள்ளையாக இருந்தது. மெதுவாகத் திருப்பினாள். உம்ம்ம். அடித்தொண்டையில் யாரோ முனகுகிற அந்த ஓசை, குமிழ் ஏற ஏறக் கூடியது. ரிவெர்ப்புக்கென்று இருக்கும் வால்வை மாற்றிப் போட்டாள். அதே முனகல். பெட்டியிலிருந்து திரும்பி வரும் வயரை ஆம்ப் பக்கத்தில் உருவினாள். சத்தம் பட்டென்று நின்றது. ஆக, கோளாறு வயரில் இருக்க வேண்டும், அல்லது பெட்டியில். அலமாரியிலிருந்து புது வயர் எடுத்து மாட்டினாள். உம்ம்ம்.

பெட்டிதான்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி, வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைச் செய்வான். மூக்கியும் செய்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் அவளுக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே! அசல் பெட்டி இரையாது, இது இரைகிறது. அசலில் பொட்டு உண்டு, இதில் இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் கொஞ்ச நாளாக வீட்டில் தனக்கென்று ஒரு ஆம்ப் கட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுக்கிறோம், நமக்கென்று ஒன்று வேண்டாமா என்று ஆரம்பித்த ஆசை. எல்லாம் முடிந்து ரிவெர்ப் ஒன்றுதான் பாக்கி, நல்ல பெட்டி மாட்ட மாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தான். போன வாரம் ஒருநாள் சாப்பிடும்போது, "மாட்டிருச்சு" என்றான் வாய் நிறையச் சிரிப்போடு. எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சுருட்டையின் ஆம்ப் கடையில் இருந்ததும் அதே சமயத்தில்தான்.

போதாததற்கு அந்தப் பழைய விவகாரம் வேறு. கடை அலமாரியிலிருந்து நான்கு வால்வுகளை ஒருமுறை அவன் பாட்டுக்கு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். கேட்டதற்கு, "என் கடையில நான் எடுக்குறதுக்கு மனு போடணுமா?" என்றான். "நம்ம கடை" என்றாள் அவள். அதோடு போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் அதை ஒரு ஓரமாக எடுத்து வைத்திருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கடைச் சாமானை எடுப்பது ஒன்று. நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவன் ஆம்ப்பிலிருந்து கழற்றுவது வேறு. அது திருட்டு. அண்ணன் அதைச் செய்திருந்தால் அவனோடு ஒரே கூரையின் கீழ் இனி ஈயம் காய்ச்சி வயர் ஒட்ட முடியாது. கடையை இரண்டாக்க வேண்டியதுதான். நினைக்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் அவள் எழுந்து, கடையைப் பூட்டி, அண்ணன் வரும்முன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன இந்த நேரத்துல? கடையில யாரு?"

"ஒரு ஸ்க்ரூ அளவு பாக்கணும் அண்ணி. அண்ணனோட ஆம்ப்புல அதே ஸ்க்ரூதான்."

"போய்ப் பாரு. அதுக்குத்தான் தனி ரூம் கொடுத்தாச்சே, மகாராஜாவுக்கு" என்றாள் அண்ணி. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் துணிக்குத் திரும்பினாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூக்கிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணனுடைய ஆம்ப் இன்னும் துணி ஒட்டாத வெறும் மரக்கூடு. பின்னால் கைவிட்டுத் திருப்புளியால் பெட்டியைக் கழற்றி எடுத்தாள். பழைய பெட்டிதான், கனத்த தகரம். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பொட்டு இல்லை. ஆனால் ஒரு விளிம்பில், கட்டைவிரல் அகலத்துக்கு, தகரம் மட்டும் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் காலத்து அழுக்கு அப்பியிருக்க, அந்த இடத்தை மட்டும் யாரோ சுரண்டித் துடைத்திருந்தார்கள்.

அவ்வளவுதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே அவள் முடிவுகட்டினாள். பெட்டியை மறுபடி மாட்டிவிட்டு, தண்ணீரைக்கூடக் குடிக்காமல், "வரேன் அண்ணி" என்று வெளியே வந்தாள்.

கடைக்குத் திரும்பியபோது அண்ணன் வாசலில் பூட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான், கையில் வால்வுப் பெட்டிகள். "சொல்லாம கொள்ளாம எங்க போனே? வெயில்ல நிக்குறேன்."

அவள் பூட்டைத் திறந்தாள். அண்ணன் உள்ளே வந்ததும் சுருட்டையின் ஆம்ப்பைப் பார்த்தான். "இது ஏன் திரும்பி வந்துச்சு?"

"ரிவெர்ப்ல இரைச்சல்."

"வால்வு மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன். வயரும் மாத்தினேன். பெட்டிதான். மலிவுப் பெட்டி, அதான் இரையுது." அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு பெட்டியில சிவப்புப் பொட்டு வச்சிருந்தாராம். இதுல இல்ல. உன் ஆம்ப்புல இருக்குற பெட்டி எங்கேருந்து வந்துச்சு அண்ணே?"

அண்ணனுக்கு முதலில் விளங்கவே இல்லை. "பழைய சாமான் கடையில. ஏன்?"

"அதுல ஒரு இடத்தைச் சுரண்டியிருக்கே?"

"விலைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு, சுரண்டினேன். அது உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். கையிலிருந்த பெட்டிகளை மேசைமேல் வைத்தான். "வீட்டுக்குப் போனியா?"

"போனேன். கழட்டிப் பாத்தேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அதையும் மூக்கி தனக்குத் தோதாகவே எடுத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் வந்த முகத்துக்கும், மாட்டிக்கொண்ட முகத்துக்கும், அடிபட்ட முகத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

"இந்தப் பெட்டியைக் கழட்டிப் பாத்தியா?" என்றான் அவன்.

"கழட்டுறேன். உன் கண்ணு முன்னாடியே கழட்டுறேன். பொட்டு எங்க இருக்குன்னு நீயே தேடிக் குடு!"

ஆம்ப்பைப் போட்டாள். ரிவெர்ப்பைப் பாதிக்குத் திருப்பினாள். இரைச்சல் கடையை நிறைத்தது. கேட்டுக்கோ என்பதுபோல் அண்ணனைப் பார்த்தாள். வயர்களை உருவாமலே திருகாணிகளை மட்டும் கழற்றி, பெட்டியை வெளியே இழுத்து, அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

நீட்டியபோதே சத்தம் பாதியாகக் குறைந்தது. ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காகத் திருப்பினாள். இன்னும் குறைந்தது. மறுபக்கம் திருப்பினாள். கடையில் மின்விசிறி ஓசை மட்டும்தான் பாக்கி இருந்தது.

பெட்டியின் நீளவாட்டில், இத்தனை நேரம் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பக்கத்தில், சிவப்பாக ஒரு பொட்டு. அழகாகக்கூட வைத்திருந்தான் மனுஷன், வட்டம் கோணாமல்.

மூக்கி அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

அண்ணன் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். ஒரு முனையை ஆம்ப்புக்குள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாகக் கொண்டுபோனான். உம்ம்ம். பெட்டியைத் தலைமாற்றி மறுமுனையைக் கொண்டுபோனான். சத்தமில்லை. விஷயம் இவ்வளவுதான். ஓசை வெளியே வருகிற முனையில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதற்கு அபாரக் காது. கரண்ட் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் எந்நேரமும் உள்ளுக்குள் முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனை அதன் பக்கத்தில் போனால் முனகலையெல்லாம் ஒட்டுக்கேட்டு ஸ்பீக்கரிடம் போட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் அதை எப்போதும் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்பக்கம் வைத்து மாட்டுவார்கள். இது தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அசல் பெட்டி, சரியான பெட்டி, பொட்டு வைத்த அதே பெட்டி.

"ஸ்பிரிங் கடகடங்குதுன்னு இதைக் கழட்டுனது யாரு?" என்றான் அண்ணன்.

"நான்."

"மாட்டுனது?"

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வழக்கமாக ஆம்ப்பைத் தரையில் நிமிர்த்தி வைத்து, பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பெட்டியை மாட்டுவாள். வெளியே வரும் முனை வலது கைப் பக்கம். இத்தனை வருஷத்தில் யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போகும். அந்த வாரம் முழங்கால் வீங்கியிருந்தது, மடக்க முடியவில்லை. அதனால் ஆம்ப்பை மேசைமேல் தலைகீழாக நிறுத்தி, அடித்தளம் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும், நின்றபடியே மாட்டினாள். எவ்வளவு சௌகரியம் என்றுகூட நினைத்துக்கொண்டாள். ஆம்ப் தலைகீழானால் வலது இடதாகிவிடும் என்று அவள் கைக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் சுருட்டை வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். மாட்டுவதற்கு முன் பெட்டியை மேசையில் கிடத்திப் போட்டுப் பார்த்ததோடு சரி, மாட்டிய பிறகு போட்டுப் பார்க்கவில்லை. மாட்டின பிறகும் ஒருதரம் போட்டுப் பார் என்று அண்ணன் ஓயாமல் சொல்லுவான். இவன் ஒரு வேலையை இரண்டு வேலையாக்குகிறவன் என்று அவள் ஓயாமல் கேலி செய்வாள்.

"நான்தான்" என்றாள். "அண்ணே, நான்..."

"உன் அண்ணிகிட்ட என்ன சொல்லிட்டு உள்ள போனே?"

"ஸ்க்ரூ அளவு பாக்கணும்னு."

"ம்" என்றான் அண்ணன். பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய் வால்வுகளைப் பிரிக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து வைத்துக்கொண்டே இருந்தான். அவள் பெட்டியைச் சரியான பக்கம் மாட்டினாள். மாட்டிய பிறகு ஒருமுறை போட்டும் பார்த்தாள். அப்பழுக்கில்லாத அமைதி. அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

மறுநாள் சுருட்டை வந்து வாசித்துப் பார்த்தான். முகமெல்லாம் பல். "நான்தான் திருப்பி மாட்டிட்டேன் தம்பி. பெட்டி உங்களுதேதான், பொட்டு அந்தப் பக்கம் போயிருச்சு" என்று மூக்கி மென்று விழுங்காமல் சொன்னாள், அண்ணன் காதில் விழும்படி உரக்கவே.

"அதனால என்ன அக்கா, யாருக்கும் ஆகுறதுதான். நான்தான் அப்பவே சொன்னேன்ல, அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு" என்று இளித்துவிட்டு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு போனான். பற்றவைத்தவன் கையில் கரியே இல்லை.

அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாமல் வேலையைப் பார்த்தான். ஆனால் மத்தியானம் வழக்கம்போல் ரேடியோவோடு சேர்ந்து கொஞ்சம் பாடினான். அவள் வைத்த ஈயத்தைப் பார்த்து, "குழந்தை சோறு சிந்துன மாதிரி இருக்கு" என்று கேலிகூடச் செய்தான். மூக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணனாயிற்றே, எத்தனை நாள் மனசில் வைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

சாயங்காலம் விளக்கை அணைப்பதற்கு முன் அண்ணன் அவள் மேசைக்கு வந்தான். வீட்டுக்கு எடுத்துப் போகிற துணிப்பையை அவள் முன்னால் வைத்து, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துக்கோ."

"என்னண்ணே இது?"

"பாத்துக்கோ, மூக்கி. கிளம்பணும்ல."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இருவரும் அழுதோ சிரித்தோ முடித்திருப்பார்கள். அவன் பஸ்ஸுக்கு நேரமான ஆள்போல நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"மூடு அண்ணே. எனக்கு வெக்கமா இருக்கு. நான் பண்ணது தப்பு. பெரிய தப்பு." பையை அவன் பக்கம் தள்ளினாள். "நீ அப்படிப்பட்டவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல. அப்ப பாத்துக்கோ."

அவன் முகத்தைத்தான் பார்க்க நினைத்தாள். கண் பைக்குள் போய்விட்டது. கழுவின சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு, மடித்த துண்டு. துண்டுக்கு அடியில் பாதி தீர்ந்த ஈயச் சுருள் ஒன்று. போன வாரம் அலமாரியில் புதிதாய் வைத்ததும் இதே மாதிரிச் சுருள்தான்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவே மாட்டாள்.

"அது நான் வாங்குனது" என்றான் அண்ணன், பையை மூடிக்கொண்டே.